லேட்டா வந்தது காமதேனு!

காலேஜுக்கு லேட்டா போனா என்ன நடக்கும்? கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் காத்துக் கிடக்கணும். வாட்ச்மேன் ஐ.டி. கார்டைப் பிடுங்கி வைப்பார். ரொம்பக் கறாரான இடமா இருந்தா அபராதம், அப்பாவுக்கு ஒரு போன். அவ்வளவுதானே? லேட்டா வந்த ஒரே குற்றத்துக்காக தேவலோகத்திலிருந்து பூலோகத்துக்கே தூக்கி அடிச்சா எப்படி இருக்கும்?

அப்படி அடிபட்டது சாதாரண ஆள் இல்லை, காமதேனு! புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். இந்திரன் சபைக்கு ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தது காமதேனு. இந்திரனுக்கு வந்ததே கோபம். 'பூமிக்குப் போய் சாதாரணப் பசுவாகத் திரி' என்று சாபம் கொடுத்துவிட்டான். பூமிக்கு வந்த பசு கபில முனிவரின் ஆசிரமத்தை அடைந்து, அவர் சொன்னபடி மகிழ மரத்தடியில் இருந்த ஈசனை வழிபடத் தொடங்கியது. அபிஷேகத்துக்குத் தண்ணீர்? குடம் தூக்கப் பசுவுக்குக் கை ஏது? தன் காதுகளிலேயே கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாம். 'கோ' என்றால் பசு, 'கர்ணம்' என்றால் காது. ஊர் பெயர் திருக்கோகர்ணம்!

ஒருநாள் வழியில் ஒரு புலி மறித்துக்கொண்டது. 'பூஜையை முடிச்சுட்டு வந்துடறேன், அப்புறம் தின்னுக்கோ' என்று வாக்கு கொடுத்துவிட்டுப் போன பசு, சொன்னபடியே திரும்பி வந்து நின்றது. புலியாக வந்தவர் சிவபெருமான்தான் என்று கதை முடிகிறது. அந்த இடம்தான் பக்கத்தில் இருக்கிற திருவேங்கைவாசல்.

கவனிச்சீங்களா? கதை ஆரம்பத்தில் சபைக்கே நேரத்துக்கு வராத பசு, கடைசியில் சாகிறதுக்குக்கூட சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. நடுவுல அதுக்கு ஏதோ ஆகியிருக்கு. அந்த 'ஏதோ'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருக்கு. அதைத்தான் இந்த வாரம் பிடிச்சு உலுக்கப் போறோம்.

சொல்: 'சேஸன்'. ஸ்பெல்லிங் சி, ஹெச், ஏ, எஸ், டி, இ, என். நடுவுல இருக்கிற 'டி'க்கு வாயே கிடையாது. லிசன், ஃபாஸன் மாதிரி அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். 'சேஸ்டன்' என்று சொல்லி குரூப் டிஸ்கஷனில் மாட்டிக்காதீங்க.

போட்டித் தேர்வுக்கு வார்த்தை மனப்பாடம் பண்றவங்களுக்கு இந்தச் சொல் தனியா வராது. கூடவே இரண்டு உடன்பிறப்புகளும் வரும்: 'சாஸ்டைஸ்', 'காஸ்டிகேட்'. நோட்டில் என்ன எழுதி வச்சிருப்பீங்க? மூணுக்கும் நேரா 'கண்டித்தல்'. நானும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். அந்த நோட்டை நம்பி எழுதினா நூத்துக்கு அறுபது இடத்தில் தப்பாகும் (இந்தக் கணக்கு என் சொந்த அனுபவம், ஆராய்ச்சி எல்லாம் இல்லை).

மூணும் ஒரே வயித்துப் பிள்ளைகள்தான். லத்தீனில் 'காஸ்டஸ்' என்றால் தூய்மையானது. அதிலிருந்து 'காஸ்டிகாரே', அதாவது சுத்தமாக்குவது, திருத்துவது. பிரெஞ்சு வழியாகச் சுத்தி வந்தவை சேஸனும் சாஸ்டைஸும். லத்தீனிலிருந்து நேரா வந்து இறங்கியது காஸ்டிகேட். ஆனா ஒரே வீட்டுல பிறந்த மூணு பேர் மூணு விதமா வளர்றது நம்ம ஊரிலும் உண்டுதானே?

மேடையில் ஒருத்தர், மறைவில் ஒருத்தர்

காஸ்டிகேட் கொஞ்சம் சத்தக்காரர். ஊர் பார்க்க, கடுமையான சொற்களால் வெளுத்து வாங்குவது இவர் வேலை. 'அரசு அதிகாரிகளை ஹைகோர்ட் காஸ்டிகேட் செய்தது' என்று ஆங்கிலப் பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீங்க. 2007 மார்ச்சில் உலகக் கோப்பையில் பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்று இந்திய அணி முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டியபோது டி.வி. சேனல்கள் செய்தது காஸ்டிகேட். ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை ரசிகர்கள் போய்த் தாக்கினார்களே, அது காஸ்டிகேட் கிடையாது. அதுக்கு டிக்‌ஷனரி வேண்டாம், போலீஸ் போதும்!

சாஸ்டைஸ் அடுத்தவர். திட்டுவதும் இவர்தான், தண்டிப்பதும் இவர்தான். பழைய காலத்தில் இவர் கையில் பிரம்பும் இருந்தது. இவர் எப்பவும் மேலே நின்று கீழே பார்ப்பவர். அப்பா பிள்ளையை, வாத்தியார் மாணவனை, எஜமான் வேலைக்காரனை. நீங்க உங்க ஹெச்.ஓ.டி.யை சாஸ்டைஸ் பண்ண முடியாது. ஆசை இருக்கலாம், இலக்கணம் இடம் கொடுக்காது.

இதுக்கு உதாரணமும் புதுக்கோட்டையிலேயே இருக்கு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆங்கில அரசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மோலியை ராணி என்று ஏற்க மறுத்தது. அடுத்த வருடம் பிறந்த மகனுக்கு வாரிசு உரிமை கிடையாது என்றது. ஒரு சாம்ராஜ்யம் ஒரு ராஜாவை சாஸ்டைஸ் செய்தால் இப்படித்தான் இருக்கும். ராஜா என்ன செய்தார்? மோலியை விட்டாரா? இல்லையே! நாட்டை விட்டு வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழ்ந்து, 1928-ல் ஐரோப்பாவிலேயே காலமானார். (அவர் கதை ஒரு முழுப் படத்துக்குத் தேறும். யாராவது டைரக்டர் இதைப் படிச்சா சரி.)

ஆக, அவர் சாஸ்டைஸ் செய்யப்பட்டார். சேஸன் ஆகவில்லை. வித்தியாசம் பிடிபடுதா?

பத்தாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் இருக்கா?

இருக்காது. பரவாயில்லை, தன்வினை-பிறவினை மட்டும் தட்டி எழுப்புங்க. உருண்டான், உருட்டினான். அடங்கினான், அடக்கினான். திருந்தினான், திருத்தினான். ஒரு புள்ளி எழுத்து மென்மையா இருந்தா அவனே செய்யறான், வன்மையா இருந்தா இன்னொருத்தன் செய்ய வைக்கிறான். தமிழில் இந்த ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இப்ப யோசிங்க. உங்களை ஒருத்தர் 'திருத்த' முயற்சி பண்ணலாம். ஆனா 'திருந்த' வேண்டியது யார்? நீங்கதான். அந்த வேலையை அவுட்சோர்ஸ் பண்ண முடியாது. சாஸ்டைஸும் காஸ்டிகேட்டும் திருத்துகிற கட்சி. அடிச்சவர் கை ஓங்கியதும், திட்டியவர் வாய் ஓய்ந்ததும் அந்த வினை முடிஞ்சு போச்சு. எதிராளிக்கு உறைச்சதா இல்லையா என்பது பற்றி அதுக்குக் கவலை இல்லை. சேஸன் மட்டும் எதிராளி உள்ளே போய் உறைத்து, ஆணவம் கொஞ்சம் இறங்கி, முகம் வேற மாதிரி ஆனால்தான் முடியும். திருத்துவதும் திருந்துவதும் ஒரே சொல்லில் ஒண்ணா உட்கார்ந்திருக்கு.

அதனாலதான் ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். 'நான் அவனை சேஸன் பண்ணினேன்' என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை, கேட்க ஒரு மாதிரி இருக்கும். 'தோல்வியால் சேஸன் ஆனான்' என்பார்கள். செய்பவர் இடத்தில் மனிதரே இருக்கணும் என்றுகூட இல்லை. தோல்வி, விபத்து, அரியர், தேர்தல் முடிவு, எது வேணுமானாலும் வரலாம். தோற்ற தலைவர் அமைதியாகப் பேட்டி கொடுத்தால் 'சேஸன்ட்' என்று அடைமொழி போடுவார்கள். நம்ம பாட்டிகள் 'பட்டுத் தெளிஞ்சவன்' என்று சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதேதான். 2007 மார்ச்சில் காஸ்டிகேட் வாங்கிய அணியைத் தேர்தல் தலைவர் மாதிரியே சேஸன்ட் என்று சொல்லலாமா? செப்டம்பரில் அதே தோனி இளம் பசங்களைக் கூட்டிக்கொண்டு போய் டி-20 உலகக் கோப்பையோடு வந்தார். திட்டினதால ஜெயிச்சாங்க என்று டி.வி.காரர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. தோற்றதே போதுமான அளவு உறைச்சிருக்கும்.

என் கதை ஒண்ணு. பி.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு அசைன்மென்ட்டை நண்பனிடமிருந்து வரி மாறாமல் காப்பி அடிச்சுக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கேன். ஸ்கூலில் ஸ்கேலால் விரல் முட்டியில் அடி வாங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. எதுக்காக அடிச்சாங்க என்பது மறந்தே போச்சு! ஆனா இந்த சார் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. 'நல்லா வந்திருக்கு, மூணாவது பக்கத்தை மட்டும் போர்டுல எழுதி விளக்குப்பா' என்று சாக்பீஸைக் கொடுத்தார். இரண்டு நிமிஷம் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 'சரி, போய் உட்காரு' என்றார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காதுக்குள்ள சூடா ஏதோ ஊத்தின மாதிரி இருந்தது. அந்த மூணாவது பக்கம் இன்னிக்கும் எனக்கு மனப்பாடம்.

தண்டமும் சிட்சையும்

சொற்களைத் தோண்டினால் உள்ளே என்னென்னவோ அகப்படும். 'தண்டனை'யைத் தோண்டுங்க. தண்டம் என்றால் வடமொழியில் கம்பு. ஆக, தண்டிப்பது என்றால் ஆதியில் கம்பை எடுப்பது. அந்தக் கம்பு நம்ம வாயில் என்ன பாடு படுது பாருங்க: அபராதமும் தண்டம், வெட்டிச் செலவும் தண்டம், வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் தண்டச்சோறு! திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். 'கண்டி'யையும் விடாதீங்க. 'கண்டனம்' என்பதன் வடமொழி மூலத்துக்குத் துண்டாக்குவது, உடைப்பது என்று பொருள்.

இதுக்கு நேர் எதிர் 'சிட்சை'. தமிழ் பைபிள் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். ஆங்கில பைபிள் சேஸன் என்று சொல்லும் இடத்தில் தமிழில் 'சிட்சை' வரும். மலையாளத்திலும் தெலுங்கிலும் 'சிக்ஷ' என்றால் தண்டனை. அப்படியே வடக்கே ரயில் ஏறி இறங்கினால், இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி! சொல் ஒண்ணுதான். வடமொழியில் அதற்கு மூலப் பொருளே கற்பதுதான். நம்ம ஊரிலும் சங்கீதக்காரர்கள் 'யார்கிட்ட சிட்சை?' என்று கேட்டால், எங்கே அடி வாங்கினாய் என்று அர்த்தம் இல்லை, யாரிடம் பாடம் என்று அர்த்தம். கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஊரான புதுக்கோட்டையில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலீஷிலும் இதே கதைதான். 'டிசிப்ளின்' பிறந்தது மாணவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. டிசைபிளும் டிசிப்ளினும் அக்கா தங்கை. கற்றுக்கொடுப்பது என்று ஆரம்பித்த சொல் இன்னிக்கு 'டிசிப்ளினரி ஆக்‌ஷன்' என்று கவரில் வந்து நம்ம வயித்தைக் கலக்குது. 'அடியாத மாடு படியாது' என்று நம்ம ஆட்கள் சொல்வதிலும் அந்தப் 'படி' அடங்குவதற்கும் பொருந்தும், படிப்பதற்கும் பொருந்தும். எந்த மாடு அடி வாங்கிப் படிச்சுப் பாஸாச்சு என்று தெரியலை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, உயிர் போன விஷயம். 1860-ல் இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர், பாடம் ஏறாத பதினைந்து வயதுப் பையனை ராத்திரியில் அடித்தே கொன்றுவிட்டார். வழக்கு நடந்தது, ஆசிரியருக்கு நாலு வருடக் கடுங்காவல். ஆனா அதே தீர்ப்பில் நீதிபதி, பெற்றோரும் ஆசிரியரும் அளவோடு, நியாயமாக அடிக்கலாம் என்றும் சொல்லி வைத்தார். 'நியாயமான சாஸ்டைஸ்மென்ட்' என்று அது சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஸ்காட்லாந்து அதைத் தூக்கி எறிந்தது 2020 நவம்பரில், வேல்ஸ் 2022 மார்ச்சில். நூத்து அறுபது வருஷம்!

பள்ளிக்கூட விஷயத்தில் தமிழ்நாடு கொஞ்சம் சுறுசுறுப்பு. 2003-லேயே கல்வி விதிகளில் 51-வது விதியை மாற்றி, திருத்துகிறேன் என்ற பெயரில் பிள்ளைகளின் உடம்பையோ மனசையோ நோகடிக்கக் கூடாது என்று சொல்லியாச்சு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு நாடு முழுக்க அதையே சொல்கிறது. உடம்பு மட்டும் இல்லை, மனசும் உண்டு என்பதைக் கவனிங்க. சாஸ்டைஸ் மட்டும் இல்லை, காஸ்டிகேட்டும் மாட்டிக்கொண்டது! ஆனாலும் 'எங்க வாத்தியார் அடிச்சதாலதான் நான் இன்னிக்கு உருப்பட்டேன்' என்று சொல்கிற மாமா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒருத்தர் இருக்கார். அவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'கூட அடி வாங்கினவங்க எல்லாரும் உருப்பட்டாங்களா மாமா?'

ஒரு கேள்வி, ஆயுள் முழுக்க மௌனம்

அடிக்காமல் திருந்த வைக்க முடியுமா என்று கேட்பீங்க. மறுபடியும் புதுக்கோட்டைக்கே வாங்க. சிவராமகிருஷ்ணன் என்று ஒரு இளைஞர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று வச்சுக்கோங்க. மகா புத்திசாலி. அதைவிடப் பெரிய வாயாடி. வாதத்தில் எந்தப் பண்டிதரும் அவர் முன்னால் நிற்க முடியாது. இன்னிக்கு இருந்திருந்தால் டிபேட் கோப்பை எல்லாம் அவர் வீட்டு ஷெல்ஃபில்தான் இருக்கும். தோற்ற பண்டிதர்கள் அவருடைய குரு பரமசிவேந்திர சரஸ்வதியிடம் போய்ப் புகார் சொன்னார்களாம். குரு கூப்பிட்டு, எப்போதுதான் உன் வாயை அடக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாராம். ஒரே ஒரு கேள்வி. பிரம்பு இல்லை, சாபம் இல்லை, அபராதம் இல்லை.

அந்த நிமிஷத்தோடு பேச்சை நிறுத்தினார் சிஷ்யர். ஆயுள் முழுக்க! நாம எல்லாரும் அறிந்த சதாசிவ பிரம்மேந்திரர் அவர்தான். நெரூரில் சமாதி இருக்கே, அவரேதான். சேஸன் என்ற சொல்லுக்கு இதைவிட முழுசான உதாரணம் எந்த டிக்‌ஷனரியிலும் நான் பார்த்ததில்லை. வாயில்லாத அந்த 'டி'கூட அவருக்காகவே போட்டு வச்ச மாதிரி இருக்கு.

1738 வாக்கில் அவர் திருவரங்குளம் காட்டுப் பக்கம் திரிந்தபோது, புதுக்கோட்டை மன்னர் விஜய ரகுநாதராயத் தொண்டைமான் தேடிப் போய் உபதேசம் கேட்டார் என்கிறது சமஸ்தானத்து வரலாறு. மௌனி எப்படி உபதேசம் செய்வார்? மணலில் விரலால் எழுதிக் காட்டினார். ராஜா அந்த மணலை அப்படியே அள்ளித் துணியில் முடிந்துகொண்டு வந்தார். அரண்மனையில் வைத்து வழிவழியாகப் பூஜை நடந்தது. வாயாடியாகவே இருந்து ஆயிரம் வாதம் ஜெயித்திருந்தாலும் ஒரு ராஜா மண்ணை அள்ளியிருப்பாரா?

அந்தத் தொண்டைமான்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள். அவள் உருவத்தை ஒரு பக்கமும், தெலுங்கில் 'விஜய' என்ற சொல்லை மறுபக்கமும் போட்டு அம்மன் காசு என்று குட்டிச் செப்புக்காசு அடித்தார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசும் போச்சு. ஆனா காசால் வந்த பெயர் போகவில்லை. இன்னிக்கும் அவள் அரைக்காசு அம்மன். தொலைஞ்ச பொருள் கிடைக்க வெல்லத்தை வைத்து வேண்டிக்கொள்வார்கள்.

ஒரு லீவு நாளில் போய்ப் பாருங்க. குன்றைக் குடைந்து செய்த கோயில், காதில் தண்ணீர் சுமந்த பசுவின் கதை, பக்கத்திலேயே 1910-ல் ஆரம்பித்த அரசு மியூசியம். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. மற்ற நாளில் சாயந்திரம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. லேட்டா போகாதீங்க!